கெல்லி கோட்டை: வரலாறும் கட்டடக்கலையும்

ஜொகூர் பாரு நகரின் நடுவே மெல்ட்ரம் சாலை என ஒரு தெரு உண்டு. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அதனைக் கடந்து செல்கின்றனர். அப்பெயர் யாருடையது என வினவுவோர் மிகச் சிலரே. 19ஆம் நூற்றாண்டில் ஜொகூரில் நீராவியால் இயங்கும் மரம் அறுக்கும் ஆலையை நடத்திய ஜேம்ஸ் மெல்ட்ரம் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவரின் பெயர் அது. மலாயாவின் காட்டை வெட்டுவித்துத் தோட்டம் கண்டவர்கள், ஈயம் தோண்டுவித்தவர்கள், நிலம் அளந்தவர்கள், வணிகக் கழகம் நடத்தியவர்கள் ஆகியோருள் ஸ்காட்லாந்துக்காரர் பலர் இருந்தனர். அவர்களுள் சிலர் தெருப்பெயராக நிலைத்தனர். சிலர் தோட்டப் பெயராக நிலைத்தனர். ஒருவர் மட்டும் தம் பெயர் விளங்க ஒரு கோட்டையையே எழுப்ப முற்பட்டார்.

அவர் வில்லியம் கெல்லி ஸ்மித். பேராக் மாநிலத்தில் பத்து காஜாவுக்கும் கோப்பெங்கிற்கும் இடையே, ராயா ஆற்றங்கரைக் குன்றின்மேல், முற்றுப்பெறாத நிலையில் இன்றும் நிற்கிறது அக்கோட்டை. அதனைப் பார்க்கச் செல்வோர் பேய்க்கதைகளையும் சுரங்கக் கதைகளையும் கேட்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். ஆயினும், தமிழர் அக்கட்டடத்தை வேறு கண்கொண்டு நோக்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. அதன் செங்கல்லும் சுதையும் தமிழகத்திலிருந்து வந்த கைவினைஞரின் வேலை. அதற்கு ஒரு மைலுக்கு உட்பட்ட தொலைவில் நிற்கும் மாரியம்மன் கோயிலோ அதே தொழிலாளரின் துயரத்திலிருந்து எழுந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கெல்லி கோட்டையின் வரலாறு முழுமை பெறும்.

ஸ்காட்லாந்துக் குடும்பக் கோட்டை

கெல்லி ஸ்மித் எதனை மனத்தில் கொண்டு கட்டினார் என்பதை அறிய, முதலில் அவருடைய தாயகத்துக் கோட்டைகளின் இயல்பை அறிதல் வேண்டும்.

கோட்டை என்றவுடன் செஞ்சியும் வேலூரும் தமிழர் நினைவுக்கு வரும். மலையையோ நகரையோ வளைத்து நிற்கும் மதில், அகழி, படைக்கலக் கொட்டில் ஆகியவை அடங்கிய அரண் அது. ஸ்காட்லாந்தில் பெரிதும் காணப்படும் குடும்பக் கோட்டை அத்தகையதன்று. அஃது ஒரு குலத்தலைவன் தன் மனைவி மக்களோடும் ஏவலரோடும் வாழ்ந்த வீடு. அண்டைக் குலத்தாரின் பகைக்கு அஞ்சி, அவ்வீட்டை அகலத்தில் விரிக்காமல் உயரத்தில் அடுக்கினார்கள். இதனைக் கோபுர வீடு எனலாம். கீழ்த்தளம் கல்லால் வளைத்து மூடிய பண்டசாலை. அதன்மேல் விருந்து நடக்கும் பெருங்கூடம். அதற்கும் மேலே படுக்கையறைகள். சுவர்கள் மிகத் தடித்தவை. அச்சுவரின் தடிமனுக்குள்ளேயே ஒருவர் பின் ஒருவராய் மட்டும் ஏறத்தக்க சுருள்படிகள் அமைந்திருக்கும். பலகணிகள் சிறியவை. பகைவன் அம்பும் குண்டும் நுழையாமல் இருப்பதற்கும், கடுங்குளிரில் அடுப்பின் சூடு வெளியேறாமல் இருப்பதற்கும் அவ்வாறு அமைத்தனர். மேல்மூலைகளில் சுவரிலிருந்து வெளியே நீண்டு தொங்குவன போன்ற சிறு கோபுரங்கள் இருக்கும்.

கெல்லி ஸ்மித் பிறந்த மோரே வட்டாரத்திலேயே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள் உள்ளன. பிரோடி குடும்பத்தின் கோட்டை 1567இல் எழுந்தது. நடுக்கோபுரத்தின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு கோபுரங்களை இணைத்து, எந்தச் சுவரை அணுகும் பகைவனையும் பக்கவாட்டிலிருந்து சுடத்தக்க வகையில் அமைந்த கட்டடம் அது. அதே வட்டாரத்துப் பாலிண்டலாக் கோட்டையும் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததே. இவற்றை ஒரே மனிதர் கட்டி முடித்தார் என்று சொல்ல இயலாது. பாட்டன் எழுப்பிய கோபுரத்தோடு மகன் ஓர் அறையைச் சேர்ப்பான். பேரன் ஒரு மாடத்தைச் சேர்ப்பான். கொள்ளுப்பேரன் தோட்டம் அமைப்பான். ஒரு குடும்பம் பல நூற்றாண்டுகள் ஓரிடத்தில் நிலைத்து வாழ்ந்ததன் அடையாளமே குடும்பக் கோட்டை.

17ஆம் நூற்றாண்டுக்குப் பின் குலப்பகை தணிந்தது. அரணாக இருந்த கொத்தளமும் கோபுரமும் அழகுக்கு உரியவையாயின. 19ஆம் நூற்றாண்டில், பழங்கோட்டை போன்ற புதுமாளிகைகளைக் கட்டும் வழக்கம் செல்வரிடையே பரவியது. விக்டோரியா அரசியாருக்காக 1856இல் முடிக்கப்பட்ட பால்மோரல் மாளிகை அவ்வழக்கத்திற்குப் பெருமை சேர்த்தது. அரசர்க்கும் பிரபுக்களுக்கும் உரியதாய் இருந்த கோட்டை, பணம் ஈட்டிய எவரும் அடையத்தக்க பொருளாயிற்று. நெசவாளியின் மகனாகப் பிறந்து, சிறுவனாய் அமெரிக்கா சென்று எஃகுத் தொழிலில் பெருஞ்செல்வரான ஆண்ட்ரூ கார்னகி, 1898இல் ஸ்காட்லாந்தின் ஸ்கிபோ கோட்டையை விலைக்கு வாங்கி விரிவாக்கினார். வெளிநாட்டில் பொருள் ஈட்டிய ஸ்காட்லாந்துக்காரர், கோட்டைக்கு உரியவராவதைத் தம் உயர்வின் முத்திரையாகக் கருதிய காலம் அது. கெல்லி ஸ்மித்தும் அக்காலத்தவரே. ஒரே வேறுபாடு, அவர் தம் கோட்டையைத் தாயகத்தில் வாங்கவில்லை. பொருள் ஈட்டிய மண்ணிலேயே கட்டத் தொடங்கினார்.

ஸ்காட்லாந்தின் பைஃப் பகுதியிலும் கெல்லி கோட்டை என ஒன்று உண்டு. அது 14ஆம் நூற்றாண்டில் தோன்றிய பழங்கோட்டை. பேராக்கில் உள்ளதற்கும் அதற்கும் உறவில்லை. இரண்டையும் மயங்கிக் கொள்ளலாகாது.

மோரேயிலிருந்து கிந்தாவுக்கு

வில்லியம் ஸ்மித் 1870இல் பிறந்தவர். கெல்லி என்பது அவருடைய தாய்வழிக் குடும்பப் பெயர். பின்னாளில் அவர் அதனைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார். 1890இல், இருபதாம் வயதில், பொறியியல் கற்ற இளைஞராக மலாயா வந்தார். அங்கு சார்ல்ஸ் அல்மா பேக்கர் என்னும் நில அளவையாளரிடம் வேலைக்குச் சேர்ந்தார். பேக்கர் நியூசிலாந்தில் பிறந்தவர். பேராக் அரசிடம் பெரும் பரப்பிலான காட்டை அழித்துச் சீர்செய்யும் குத்தகையைப் பெற்றிருந்தார். அத்தொழிலில் கிடைத்த ஊதியத்தைக் கொண்டு ஸ்மித், கிந்தா மாவட்டத்தில் சுமார் 1,000 ஏக்கர் காட்டு நிலம் வாங்கினார். ரப்பர் பயிரிட்டார், ஈயத் தொழிலிலும் இறங்கினார்.

தோட்டத்திற்கு அவர் சூட்டிய பெயர் கிந்தா கெல்லாஸ். கெல்லாஸ் என்பது அவர் பிறந்த மண்ணின் பெயர். கிந்தா என்பது அவருக்குச் செல்வம் தந்த மண்ணின் பெயர். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் தங்கள் குலதெய்வத்தைக் கொண்டுவந்து தோட்டத்து மரத்தடியில் நிறுத்தினார்கள் அன்றோ? தோட்டத்துத் துரை தம் ஊர்ப்பெயரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

1903இல் அவர் தாயகம் சென்று ஆக்னஸ் என்னும் பெண்மணியை மணந்து அழைத்து வந்தார். 1904இல் ஹெலன் என்னும் மகள் பிறந்தாள். 1910ஐ ஒட்டி, ராயா ஆற்றங்கரைக் குன்றின்மேல் கெல்லாஸ் இல்லம் என்னும் முதல் மாளிகை எழுந்தது. ரப்பர் விலை உச்சத்தில் இருந்த காலம் அது. 1915இல் அந்தோணி என்னும் மகன் பிறந்தான். அவ்வாண்டிலேயே, பழைய இல்லத்தை அடுத்து மிகப் பெரிய மாளிகை ஒன்றைக் கட்டும் திட்டம் உருவாயிற்று. இன்று கெல்லி கோட்டை எனப்படுவது இந்த இரண்டாம் கட்டடமே. முதல் இல்லத்தின் சிதைவுகள் அதன் அருகே கிடக்கின்றன.

மகன் பிறந்த ஆண்டும் கோட்டை தொடங்கிய ஆண்டும் ஒன்றாக இருப்பது கருதத்தக்கது. பாட்டன் கட்டி, மகன் சேர்த்து, பேரன் முடிக்கும் குடும்பக் கோட்டையை ஒரு மனிதர் தம் வாழ்நாளிலேயே கட்டி முடித்து மகனுக்கு விட்டுச்செல்ல எண்ணினார் என இதனைக் கொள்ளலாம்.

கட்டட அமைப்பு

கோட்டையை முதன்முறை காண்போர் அஃது எந்த நாட்டுக் கட்டடம் எனத் திகைப்பர். மூலையில் உயர்ந்து நிற்கும் கோபுரம் ஸ்காட்லாந்தை நினைவூட்டும். சாளரங்களும் தாழ்வாரங்களும் வளைந்து நிற்கும் விதம் முஸ்லிம் அரசர்களின் அரண்மனைகளை நினைவூட்டும். செங்கல்லையும் சுதையையும் கையாண்ட முறையோ சென்னையை நினைவூட்டும்.

இக்கலப்பு கெல்லி ஸ்மித்தின் விந்தையான கற்பனை மட்டுமன்று, அக்காலத்தின் போக்கு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயர் தங்கள் பொதுக் கட்டடங்களுக்கு இந்து, முஸ்லிம் கட்டட உறுப்புகளை எடுத்து ஐரோப்பியத் திட்டத்தோடு இணைத்தனர். அம்முறை இந்தோ-சரசனியம் எனப்படும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம் 1879இலும், சென்னை உயர்நீதிமன்றம் 1892இலும் அம்முறையில் முடிக்கப்பட்டன. அதே முறை கடல் கடந்து மலாயாவுக்கு வந்தது. கோலாலம்பூரில் 1897இல் முடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் கட்டடமும், 1910இல் திறக்கப்பட்ட இரயில் நிலையமும் அதன் விளைவுகள். ஆகவே, கெல்லி ஸ்மித் தம் வீட்டுக்கு இம்முறையைத் தேர்ந்தபோது, அரசாங்கக் கட்டடங்களுக்குரிய பெருமிதத்தைத் தம் குடும்ப இல்லத்துக்கு உரியதாக்கினார்.

கட்டடத்தில் நின்று பார்க்கத் தக்கவை லாட வளைவுகள். வழக்கமான வளைவு அரைவட்டத்தோடு நின்று நேராகத் தூணில் இறங்கும். லாட வளைவோ அரைவட்டத்தைக் கடந்தும் வளைந்து, அடியில் சற்றே குறுகிப் பின் தூணில் அமரும். குதிரையின் லாடம் போன்ற வடிவம் ஆதலின் அப்பெயர். இதனைச் செங்கல்லில் கட்டுவது எளிதன்று. முதலில் மரத்தால் வளைவின் வடிவில் ஒரு சட்டம் செய்து தாங்கு கொடுப்பர். அதன்மேல் இருபுறமும் சமமாகச் செங்கற்களை அடுக்கி ஏறுவர். ஒவ்வொரு கல்லின் முகமும் வளைவின் நடுப்புள்ளியை நோக்கியிருக்க வேண்டும். உச்சியில் நடுக்கல்லை இறுக்கியபின் கலவை உலரக் காத்திருந்து, மரச்சட்டத்தை நீக்குவர். ஒரு பக்கம் சற்றுக் கனத்தாலும் வளைவு வெடிக்கும். கெல்லி கோட்டையின் தாழ்வாரங்களில் வரிசையாக நிற்கும் வளைவுகளை எண்ணிக்கொண்டே நடப்பவர், கரண்டியும் தூக்குக்குண்டும் மட்டப்பலகையும் பிடித்த கைகளின் திறத்தை உணர்வர்.

ஸ்காட்லாந்துக் கோட்டைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைத் தட்பவெப்பமே விதித்தது. அங்கே குளிரைத் தடுக்கச் சிறு பலகணி. இங்கே காற்றை அழைக்க அகன்ற திறப்பு. அங்கே சூட்டைக் காக்கும் மூடிய கூடம். இங்கே வெயிலும் சாரலும் அறைக்குள் புகாமல் காக்கும் தாழ்வாரம். அங்கே கோபுரம் பகைவனைக் காண எழுந்தது. இங்கே ரப்பர்த் தோட்டத்தையும் ஆற்றையும் கண்டு மகிழ எழுந்தது. ஆயினும் பழங்கோட்டையின் நினைவு முற்றிலும் மறையவில்லை. மதுவைச் சேமிக்கும் நிலவறை, சுவரோடு ஒட்டிய குறுகிய படிகள், மறைவழிகள் ஆகியவை இங்கும் உண்டு. குன்றின் அடியில் சுரங்கங்கள் செல்வதாகவும், அவற்றுள் ஒன்று மாரியம்மன் கோயில்வரை நீள்வதாகவும் மக்கள் சொல்வது வழக்கம்.

திட்டம் மிகப் பெரிது. கோபுரம் ஆறு தளம் உயர வேண்டும். அதில் மின்தூக்கி ஒன்று இயங்க வேண்டும். முடிந்திருப்பின் அது மலாயாவின் முதல் மின்தூக்கியாக இருந்திருக்கும் என்பர். வீட்டினுள்ளேயே டென்னிஸ் ஆடுகளமும், மொட்டைமாடியில் விருந்து நடத்தத்தக்க முற்றமும் திட்டத்தில் இருந்தன. மின்தூக்கிக்கென விடப்பட்ட செங்குத்தான கூடு இன்றும் வெறுமையாக நிற்கிறது.

சென்னையிலிருந்து வந்த கைகள்

இவ்வேலைக்கெனக் கெல்லி ஸ்மித் சென்னையிலிருந்து 70 கைவினைஞரை வரவழைத்தார் என வரலாறு கூறுகிறது. செங்கல்லும் பளிங்கும் கூட இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. மலாயாவில் செங்கல் கிடைக்காமல் இல்லை. எனினும் தாம் விரும்பிய வேலைப்பாட்டுக்குச் சென்னைக் கல்லும் சென்னைக் கையுமே ஏற்றவை என அவர் கருதியதாகத் தெரிகிறது.

இந்த 70 பேரைத் தோட்டத் தொழிலாளரோடு ஒன்றாக வைத்து எண்ணுதல் கூடாது. மலாயாவுக்கு வந்த தமிழருள் பெரும்பாலோர் காடழிக்கவும், மரம் நடவும், பால் வெட்டவும், சாலையும் இருப்புப்பாதையும் போடவும் வந்தவர்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டபின் கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள்சேர்த்தனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியோர் பல்லாயிரவர். அவர்களிடையே, தொழில் கற்ற கொத்தர் தனியாக அழைக்கப்பட்டு வந்தது குறிப்பிடத்தக்கது. தமிழர் மலாயாவுக்கு உடல் உழைப்பை மட்டும் கொண்டு வந்தனர் என்னும் எண்ணம் இன்றும் நிலவுகிறது. தலைமுறை தலைமுறையாய்க் காத்த தொழில்நுட்பத்தையும் கொண்டு வந்தனர் என்பதற்குக் கெல்லி கோட்டை ஒரு சான்று.

அத்தொழில்நுட்பத்தின் தாய்வீடு கோயில். கோபுரங்களிலும் விமானங்களிலும் செங்கல்லால் கரு அமைத்து, அதன்மேல் சுண்ணாம்புச் சுதை பூசி, உருவங்களை வனையும் கலை தமிழகத்தில் நெடுங்காலமாக வழங்கி வருவது. சுண்ணாம்பை நீற்றிப் பல நாள் ஊறவைத்து, அரைத்து, மழமழப்பாகப் பூசும் முறை வீடுகளுக்கும் பரவியது. இத்தகைய மரபில் வந்தவர்கள் ஒரே குன்றின் பக்கத்தில் இரண்டு கட்டடங்களை எழுப்பினார்கள். ஒன்று துரைக்காக, மற்றொன்று தங்களுக்காக.

காய்ச்சலும் கோயிலும்

1914இல் தொடங்கிய முதல் உலகப்போர் முடியும் தறுவாயில், 1918இல், இன்ஃபுளுவென்சா என்னும் நச்சுக் காய்ச்சல் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலாயாவையும் அது விட்டுவைக்கவில்லை. தோட்டப்புறங்களில் அதன் கொடுமை மிகுதி. ஒரே லயத்தில் நெருங்கி வாழ்ந்த குடும்பங்கள், மலேரியாவாலும் சத்துக்குறைவாலும் ஏற்கெனவே நலிந்த உடல்கள், அருகில் இல்லாத மருத்துவம் ஆகிய மூன்றும் சேர்ந்து நோய்க்கு வழிவிட்டன. கெல்லி ஸ்மித்தின் தொழிலாளருள்ளும் பலர் இறந்தனர். கோட்டை வேலை தடைப்பட்டது.

எஞ்சியோர் துரையிடம் சென்று ஒரு கோயில் கட்ட இசைவு கேட்டனர். அவர் இசைந்தார், உதவியும் செய்தார். மாரியம்மனை அம்மைக்கும் கொள்ளைநோய்க்கும் உரிய தெய்வமாகத் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் போற்றுவதை அறிந்தோர்க்கு, அத்தொழிலாளர் ஏன் அத்தெய்வத்தை நாடினர் என்பது விளங்கும். கப்பலேறி வந்த இடத்தில் உடன்வந்தவன் இறக்கிறான்; ஊருக்குச் சேதி போய்ச்சேரப் பல வாரங்கள் ஆகும்; ஈமச்சடங்கு செய்ய மகனோ தம்பியோ அருகில் இல்லை. அந்நிலையில் அவர்கள் கேட்டது கூலி உயர்வு அன்று. தாங்கள் ஒன்றுகூடி அழவும் வேண்டவும் ஓரிடம். தொழிற்சங்கம் இல்லாத அந்நாளில், தோட்டத் தமிழர் ஒருமித்து ஒன்றைக் கேட்டுப் பெற்ற நிகழ்ச்சிகளுள் இதனையும் வைத்து எண்ணலாம்.

கோயில் எழுந்தபின் தொழிலாளர் கெல்லி ஸ்மித்துக்கு நன்றி காட்டினர். ஐரோப்பிய உடை அணிந்த அவருடைய உருவத்தைச் சுதையில் செய்து, கோயிலின் மேற்புறத்தில் தெய்வ உருவங்களோடு நிறுத்தினர். சுற்றுலாப் பயணிகள் இதனை வியப்போடு காட்டிப் பேசுவர். வெள்ளைக்காரத் துரையைத் தமிழர் கடவுளாக்கிவிட்டனர் என்று சிரிப்போரும் உண்டு. அஃது அறியாமை. கோயிலுக்குக் கொடை கொடுத்தவரின் உருவத்தைக் கோயிலிலேயே அமைப்பது தமிழர் மரபு. மதுரைப் புதுமண்டபத்தில் திருமலை நாயக்கரும் அவர் முன்னோரும் கற்சிலைகளாகக் கைகுவித்து நிற்கின்றனர். யாரும் அவர்களைத் தெய்வமெனக் கொள்வதில்லை. திருப்பணி செய்தோர் எனப் போற்றுகின்றனர். அதே மரபைச் சென்னைக் கைவினைஞர் கிந்தாவில் பின்பற்றினர். நாயக்கர் நின்ற இடத்தில் தொப்பிக்காரத் துரை நின்றார்; மரபு மாறவில்லை.

கோயிலைப் பற்றி வேறொரு கதையும் வழங்குகிறது. மகள் பிறந்து நெடுநாள் ஆகியும் மகன் பிறக்காததால் கெல்லி ஸ்மித் அம்மனை வேண்டினார் என்றும், அவ்வாறே மகன் பிறந்ததால் கோயில் கட்ட உதவினார் என்றும் அக்கதை சொல்லும். கதைகளை ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. மகன் பிறந்தது 1915. காய்ச்சல் பரவியது 1918. மகப்பேற்றுக்காகக் கோயில் எழுந்தது என்றால், காய்ச்சலுக்கு முன்பே அஃது அங்கே இருந்திருக்க வேண்டும். காய்ச்சலால் எழுந்தது என்றால், மகன் அப்போது மூன்று வயதுக் குழந்தை. இரண்டு கதைகளும் ஒருங்கே உண்மையாக வேண்டுமாயின், முன்பே இருந்த சிறு வழிபாட்டிடம் பின்னர்க் கோயிலாக வளர்ந்தது எனக் கொள்ள வேண்டும். மற்றொன்றும் கருதத்தக்கது. மகப்பேற்றுக் கதையில் துரையின் விருப்பம் நடுவில் நிற்கிறது; காய்ச்சல் கதையில் தொழிலாளரின் இழப்பு நடுவில் நிற்கிறது. ஒரு கதையைச் சொல்வோர் எதனை நடுவில் வைக்கின்றனர் என்பதே வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய கேள்வி.

லிஸ்பனில் முடிந்த வாழ்வு

காய்ச்சல் தணிந்தபின் வேலை மீண்டும் தொடர்ந்தது. ஆனால் போருக்குப் பின் ரப்பர் விலை வீழ்ந்தது. 1920இலிருந்து தோட்ட முதலாளிகள் பலர் நட்டமடைந்தனர். உற்பத்தியைக் கட்டுப்படுத்தி விலையை உயர்த்த 1922இல் அரசு ஒரு திட்டம் கொண்டுவர நேர்ந்தது. இத்தகைய காலத்தில் கோட்டை வேலை மெல்லவே நகர்ந்திருக்கும்.

1926இல் கெல்லி ஸ்மித் ஐரோப்பா சென்றார். மின்தூக்கி தொடர்பாகவே அப்பயணம் என்பர். போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரில் நுரையீரல் அழற்சி கண்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 56. அந்நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். மோரேயிலும் அன்று, கிந்தாவிலும் அன்று; இரண்டுக்கும் இடையில் முடிந்தது அவர் வாழ்வு. மனைவி ஆக்னஸ் மலாயாவுக்குத் திரும்பி வாழ விரும்பவில்லை. தோட்டமும் மாளிகையும் ஹேரிசன்ஸ் கிராஸ்பீல்டு என்னும் ஆங்கில வணிகக் கழகத்துக்கு விற்கப்பட்டன. அக்கழகத்துக்குத் தோட்டம் வருவாய் தருவது, கோட்டையால் பயனில்லை. சாரம் பிரிக்கப்பட்டது. காடு மெல்ல ஏறி வந்து சுவரை மூடியது.

பைஃப் பகுதியில் உள்ள பழங்கெல்லி கோட்டையின் கதையை இங்கே ஒப்பிடலாம். அதுவும் ஒரு காலத்தில் பாழடைந்தது. 1878இல் ஜேம்ஸ் லோரிமர் என்னும் பேராசிரியர் அதனைக் குத்தகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு குடியேறினார். கூரை செப்பனிடப்பட்டது, தோட்டம் மலர்ந்தது, அங்கு வளர்ந்த அவர் மகன் இராபர்ட் லோரிமர் பின்னாளில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரானார். 1970இல் அக்கோட்டை ஸ்காட்லாந்தின் தேசிய அறக்கட்டளையிடம் சேர்ந்தது. ஒரு குடும்பம் குடியிருந்ததால் அக்கோட்டை பிழைத்தது. கிந்தாக் கோட்டைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அந்தோணிக்கு உரியதென இன்று காட்டப்படும் அறையில் அவன் வாழ்ந்ததே இல்லை.

பல ஆண்டுகள் கழித்துக் காடு அகற்றப்பட்டுக் கோட்டை செப்பனிடப்பட்டது. 1999இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படம் ஒன்றின் காட்சிகள் அங்கே எடுக்கப்பட்டபின் அதன் புகழ் மேலும் பரவியது. இன்று அது பேராக்கின் பெயர்பெற்ற சுற்றுலாத் தலங்களுள் ஒன்று.

கோட்டைக்கு ஆட்கள் பார்க்க வருகின்றனர். கோயிலுக்கு வழிபட வருகின்றனர். முதலாளியின் குடும்பம் அகன்றபின் கோட்டை பாழாயிற்று. தோட்டம் கைமாறிய பின்னரும் கோயிலில் விளக்கு எரிந்தது. ஒரு குடும்பத்துக்காகத் திட்டமிட்ட வீட்டில் எந்தக் குடும்பமும் நிலைக்கவில்லை. பல குடும்பங்கள் சேர்ந்து கட்டிய கோயிலுக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாய்த்தனர்.

ஆசிரியர்களும் மாணவரும் செய்யத்தக்கது

ஜொகூரிலிருந்து கெல்லி கோட்டைக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் பயணம். எனினும் கல்விச் சுற்றுலாவாகச் செல்லும் பள்ளிகள் உண்டு. அவ்வாறு செல்வோர் கோட்டையோடு திரும்பிவிடாமல் கோயிலுக்கும் மாணவரை அழைத்துச் செல்லல் வேண்டும். கோட்டையின் தாழ்வாரத்தில் வளைவு எவ்வாறு நிற்கிறது எனக் கணக்கும் அறிவியலும் கற்பிக்கலாம். கோயிலின் மேற்புறத்தில் துரையின் உருவத்தைக் காட்டிக் கொடையாளர் மரபை விளக்கலாம். 1904, 1915, 1918, 1926 என்னும் நான்கு ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதி, எந்தக் கதை எந்த ஆண்டோடு பொருந்தும் என மாணவரையே ஆராயச் செய்யலாம்.

அப்போது மாணவருள் ஒருவர் கேட்கக்கூடிய வினா ஒன்று உண்டு. கோட்டைக்கு உரியவரின் பெயர் தெரியும். மனைவி, மகள், மகன் பெயர்களும் தெரியும். கட்டிய 70 பேரின் பெயர்கள் என்ன? கோட்டையின் கதையைச் சொல்வோர் அவர்களை எண்ணிக்கையாகவே சொல்கின்றனர், பெயராகச் சொல்வதில்லை. தங்களுக்கு இசைவு தந்தவரின் முகத்தைச் சுதையில் வடித்து நிறுத்திய அந்தக் கைவினைஞர்க்கு, அவர்கள் முகத்தை வடித்து நிறுத்த யாரும் இருக்கவில்லை.

இக்குறை கிந்தாவுக்கு மட்டும் உரியதன்று. ஜொகூரின் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின; பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். தோட்டத்துக் கோயிலைக் கட்டியவர் யார், பள்ளிக்கு முதன்முதலில் மரம் சுமந்து வந்தவர் யார், முதல் ஆசிரியர் யார் என்பவற்றை அறிந்த முதியோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். கெல்லி கோட்டையைப் பார்த்துத் திரும்பும் மாணவர்க்கு ஆசிரியர் தரத்தக்க வீட்டுப்பாடம் ஒன்றே: பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் சென்று, அவர்கள் தோட்டத்தில் ஏதேனும் ஒன்றைக் கட்டிய பத்துப் பேரின் பெயரைக் கேட்டு, ஊரோடும் தொழிலோடும் எழுதி வருதல். அத்தாள்களைச் சேர்த்துப் பள்ளி நூலகத்தில் ஓர் ஏடாகக் கட்டி வைத்தால், கிந்தாவில் விடுபட்டுப் போனது ஜொகூரில் விடுபடாது.